பெட்டிக்கு வைத்த பொட்டு

கேதீஸ்வரி அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். எழுதலாம். நேரந்தவறாதவர், பொறுமைசாலி, சிரித்த முகம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் அலுவல் முடிந்தது. ஆனால் அப்படி எழுதினால் நான் தப்பிவிடுவேன். ஆகவே நான் பிழைவிட்ட கதையாகவே இதை எழுதுகிறேன். அவர் யாரென்று அதில் தானாகத் தெரியும்.

நான் றஞ்சித். குருநகர்க்காரன். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் ஓடும் ஐந்து பயணிகள் படகுகளிலும் கடற்பயணப் பாதுகாப்புத் திட்டக்காரர்கள் படகுக்கொரு பெட்டி பூட்டினார்கள். கடையில் விற்கும் ஓர் இறாத்தல் பாண், அந்த ரொட்டி அளவுதான் இருக்கும். அதைப் பார்த்துத் திருத்துவது என் வேலை. பெட்டிக்கு மேலே ஒரு கமரா, படகில் எத்தனை பேர் என்று எண்ண. கீழே, எஞ்சினுக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கண், படகின் அடியில் தேங்கும் தண்ணீரை அளக்க. எஞ்சின் சூடும் படகின் வேகமும் அதில் பதியும். தண்ணீர் பதினைந்து சென்ரிமீற்றரைத் தாண்டினால் பெட்டி கத்தும்.

புங்குடுதீவில் புது ரெலிபோன் கோபுரம் நட்டபோது இனி மின்னல் வேகம் என்று சொன்னார்கள். கரையை அண்டி நிற்கும்வரை மின்னல்தான். நடுக்கடலில் பாதிநேரம் சிக்னலே இல்லை. மீதிநேரம் இந்தியக் கோபுரம் வந்து கையைப் பிடித்து இழுக்கும். படத்தையெல்லாம் கரைக்கு அனுப்பி, கரை யோசித்துப் பதில் அனுப்பும்வரை கடல் காத்துக்கொண்டிருக்காது என்பது திட்டக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால் யோசிக்கிற வேலையைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பார்ப்பது, அளப்பது, ஆபத்து என்று முடிவெடுப்பது எல்லாம் படகிலேயே நடக்கும். சிக்னல் ஒரு நூல் அளவு கிடைத்தாலும் அந்த நூலில் இரண்டு மூன்று எண்களைக் கரைக்கு அனுப்பிவிடும்.

அந்த எண்களைப் பார்ப்பதற்காக யாழ்ப்பாணத்தில், கடற்கரை வீதியில் ஒரு மாடியறை. அதில் ஒரு திரை. திரைக்கு முன்னால் கேதீஸ்வரி அக்கா. புங்குடுதீவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். அவருடைய கணவர் ஜெயதீபன் அண்ணை ‘முத்துமாரி’ என்ற படகின் தண்டையல். அதாவது சுக்கான் பிடிப்பவர், படகுக்குப் பொறுப்பானவர். மனுசன் வீட்டுக்குப் பக்கத்திலிருந்து கடலுக்குப் போவார். மனுசி பஸ் ஏறி அவ்வளவு தூரம் வந்து, அவரைத் திரையில் ஒரு பச்சைப் புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் பார்த்தது காணாதோ அக்கா என்று நான் பகிடி விடுவேன். “வீட்டிலை அவர் ஓரிடத்திலை நிக்கிறாரே? இஞ்சை எண்டால் எங்கை நிக்கிறார் எண்டாவது தெரியுது” என்பார்.

இந்த வேலைக்கு அவர் வந்ததே ஒரு வேடிக்கை. கொம்பியூட்டர் படித்த பிள்ளைகள் எட்டுப் பேர் விண்ணப்பித்தார்கள். இவர் படித்தது பள்ளியில் சாதாரண தரம்வரைதான். ஆனால் சண்டைக் காலத்தில் பஸ் நிலையத்தடியில் ஒரு கொமினிகேசன் கடையில் ஒன்பது வருசம் இருந்தவர். வெளிநாட்டிலிருந்து எடுக்கும் பிள்ளைகளின் குரலுக்காகத் தாய்மார் வாங்கில் வரிசையாகக் காத்திருப்பார்கள். லைன் அறுந்தால் யாருக்கு என்ன சொல்வது, யாரைக் கதைக்கவிடாமல் தண்ணீர் கொடுத்து இருத்துவது எல்லாம் இவருக்குத் தெரியும். நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம்: சிக்னல் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? “பயப்பிடுவன்” என்று சொல்லியிருக்கிறார். அதற்காகவே எடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவருக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது தகப்பன் முத்துக்குமாரு நெடுந்தீவுக்குப் போன வள்ளம் திரும்பவில்லை. யாரும் தேடிப் போகவில்லை. காற்றைப் பார்த்து அங்கேயே தங்கியிருப்பார் என்றார்கள். கடலில் போகிறவர்கள் அப்படித் தங்குவது வழக்கம்தான், ஆகவே எல்லோருடைய மனமும் ஆறிவிட்டது. மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தபோது அங்கே அவர் போய்ச் சேர்ந்திருக்கவேயில்லை. இதை அக்கா எனக்கு ஒரு தரம்தான் சொன்னார், அதுவும் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு.

ஆகவே பயந்தார். ஆவணி மாதம் ஒரு படகின் புள்ளி இருபத்திரண்டு நிமிடம் காணாமல் போனது. கடற்படைக்கும் நெடுந்தீவு மீனவர்களுக்கும் ரெலிபோன் அடித்து எல்லோரையும் கடலில் இறக்கிவிட்டார். படகோ இந்தியக் கோபுரத்தோடு உறவாடிக்கொண்டு சுகமாக வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து இறங்குதுறையில் அவருக்கு ‘சைரன் அக்கா’ என்று பெயர். கொழும்பிலுள்ள திட்டத் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது. இனிமேல் ஆபத்து என்று அறிவிக்க முன்னர் கருவி சரியா பிழையா என்று திருத்துநர் உறுதிப்படுத்த வேண்டும். பிழை என்று பதிந்திருந்தால் கொழும்பின் அனுமதியில்லாமல் யாரையும் கூப்பிடக்கூடாது. இன்னொரு பொய் எச்சரிக்கை வந்தால் வேறு ஆள் பார்ப்பார்களாம். அந்தத் திருத்துநர் நான்தான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இனி ஆயுதபூசை. படகுக்காரர்கள் அன்று படகைக் கழுவி, மாலை போட்டு, சுக்கானிலிருந்து சாவி, குறடு வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். ஒரு வயரைச் சரிபார்க்கப் போன நானும் முத்துமாரியில் நின்றேன். நான் வேதக்காரன், கிறிஸ்தவன்; என்றாலும் அவலும் கடலையும் எந்தச் சமயமென்று நான் கேட்பதில்லை. அக்கா கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

“தம்பி, பெட்டிக்கும் வைக்கலாமோ?”

“வையுங்கோ அக்கா. அதுவும் ஆயுதம்தானே. என்ரை அம்மா மற்றப் படகுப் பெட்டியிலை செபமாலை கொழுவியிருக்கிறா.”

எஞ்சின் மூடியையும் நானே தூக்கிப் பிடித்தேன். அவர் குனிந்து எஞ்சினுக்கு வைத்தார், பெட்டிக்கு வைத்தார், இன்னும் எதற்கோ வைத்தார். என் கண் கடலைத் தட்டில் இருந்தது. தண்ணீர் அளக்கும் கண்ணின் கண்ணாடியில் விரல்கூடப் படக்கூடாது என்று ஐந்து படகுத் தண்டையல்மாருக்கும் வகுப்பெடுத்தவன் நான். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்தநாள் விசயதசமி. காலை எட்டே முக்காலுக்கு ஜெயதீபன் அண்ணை குறிகட்டுவானிலிருந்து எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

“றஞ்சித், பெட்டி கத்துது. பதினெட்டு எண்டு காட்டுது.”

“அடியைத் திறந்து பாத்தியளோ?”

“பாத்தன். காய்ஞ்சுபோய்க் கிடக்கு. கண்ணிலை சந்தனம் ஒட்டியிருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண் முழுதாக மூடப்பட்டிருந்தால் ஒன்றுமே காட்டாது. ஓரத்தில் பட்டிருந்தால் இப்படித்தான் கூட்டிக் காட்டும். “ஈரத் துணியாலை ஒருக்காத் துடைச்சு விடுங்கோ அண்ணை, சரியாகும்” என்றேன்.

மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, “ம்... பாப்பம். உந்தச் சத்தத்தை நிப்பாட்டுறது எப்பிடி? சனம் பயப்பிடுது” என்றார்.

எந்த சுவிச் என்று சொல்லிக்கொடுத்தேன். கணினியில் ‘கருவி பிழை’ என்று பதிந்தேன். ஒன்பது மணிக்கு முத்துமாரி ஐம்பத்தெட்டுப் பேரோடு நெடுந்தீவுக்கு வெளிக்கிட்டது.

அக்காவிடம் சொன்னபோது சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. திரையில் முத்துமாரியின் பக்கத்தில் சிவப்பில் பதினெட்டு நின்றது.

“துடைக்கச் சொன்னனீரோ?”

“சொன்னன். அவசரத்திலை விட்டிருப்பார்.”

“இவர் அப்பிடி விடுகிற ஆளில்லையே” என்றார். கதிரையைத் திரைக்கு இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டார்.

சோளகக் காற்று இன்னும் முற்றாக அடங்கவில்லை. சன்னலால் பார்த்தால் பண்ணைக் கடலிலேயே வெள்ளை நுரை தெரிந்தது. ஒன்பதே காலுக்குப் பதினெட்டு. ஒன்பது இருபதுக்கும் பதினெட்டு. ஒன்பது இருபத்தாறுக்குப் பத்தொன்பது.

“எஞ்சின் சூட்டுக்குச் சந்தனம் இளகுது போலை” என்றேன். எவ்வளவு சுகமாக வாயில் வந்தது அது.

அதோடு சிக்னல் போய்விட்டது. புள்ளி சாம்பல் நிறமானது. அக்கா ரெலிபோனை எடுத்துக் கணவருக்கு அடித்தார். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. மீண்டும் அடித்தார். அவருடைய காலடியில் தண்ணீர்ப் போத்தல் விழுந்து உருண்டுபோனதை அவர் கவனிக்கவில்லை. ஏழு நிமிடம் கழித்து ஒரே ஒரு வரி வந்தது. இருபத்திரண்டு. எஞ்சின் சூடும் சிவப்பில். உடனே புள்ளி மறுபடி சாம்பலாகியது.

அக்கா எழுந்துவிட்டார். “றஞ்சித், கருவி சரியெண்டு பதியும்.”

“அக்கா, காலமை அவரே பாத்தவர். அடி காய்ஞ்சு கிடந்தது. கண்ணிலை சந்தனம். இப்ப நாங்கள் ஆக்களைக் கூப்பிட்டு, பேந்து அது சந்தனமெண்டு தெரிஞ்சால் உங்கடை வேலை போகும்.”

“சந்தனம் காய்ஞ்சால் என்ன செய்யும்?”

“என்ன செய்யும்... வெடிச்சு உதிரும்.”

“உதிர்ந்தால் எண் குறைய வேணும். இது ஏறுது. இரவு வைச்ச சந்தனம் நாலு சென்ரிமீற்றர் ஏறுமோ தம்பி?”

இவ்வளவு படித்த எனக்கு அது தோன்றவேயில்லை. காலையில் ஒரு காரணம் கிடைத்தது, அதில் என் மனம் படுத்து நித்திரையாகிவிட்டது.

“அப்பாவுக்கும் ஒரு காரணம் சொன்னவை” என்றார் அக்கா. நான் பதிவதற்காக அவர் காத்திருக்கவில்லை. கொழும்பைக் கேட்கவுமில்லை. ரெலிபோனை எடுத்து முதலில் நெடுந்தீவில் எமில்ராஜுக்கு அடித்தார். அங்கே மீனவர் சங்கத்துக்குப் பொறுப்பானவர் அவர். குரலில் ஒரு அசைவுமில்லை. கொமினிகேசன் கடைக் குரல்.

“எமில்ராஜ், நான் கேதீஸ்வரி. முத்துமாரியிலை தண்ணி ஏறுது. எஞ்சினும் சுடுது. அம்பத்தெட்டுப் பேர். கடைசியா நிண்ட இடத்தைச் சொல்லுறன், எழுதுங்கோ.”

“அக்கா, போனமுறை மாதிரி...”

“போனமுறை மாதிரியெண்டால் வந்து என்னை ஏசுங்கோ. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன். இப்ப போங்கோ.”

அடுத்தது கடற்படை. அவர்களிடமும் அதே எண்கள், அதே குரல். வைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் வந்து இருந்தார். நான் ‘கருவி பிழை’யை அழித்து ‘கருவி சரி’ என்று பதிந்தேன். இப்போது பதிந்து என்ன, பதியாமல் என்ன. ஒன்பது நாற்பதுக்கு இன்னொரு வரி வந்தது. இருபத்தேழு. படகின் வேகம் பூச்சியம்.

பிறகு இருபத்தைந்து நிமிடம் ஒன்றுமில்லை.

அந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பற்றி நான் அதிகம் எழுதமாட்டேன். மின்விசிறி சுற்றியது. கீழே மீன்காரரின் ஹோர்ன் கேட்டது. அக்கா ஒரு தரம், “நான்தானே வைச்சனான்” என்றார், என்னைப் பார்த்தல்ல. மூடியைத் தூக்கிப் பிடித்தது நான் என்று சொல்ல வாயெடுத்தேன், அது ஆறுதலா இன்னும் கேடா என்று தெரியாமல் உருண்டுகிடந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். ஐம்பத்தெட்டுப் பேர் என்ற எண் அதுவரை எனக்குக் கமரா சரியாக வேலைசெய்கிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே. அன்றுதான் அது ஆட்களாகத் தெரிந்தது.

பத்து மணி ஐந்துக்கு ரெலிபோன் அடித்தது. எமில்ராஜ். காற்று இரைச்சலுக்குள் கத்திக் கதைத்தார். படகைக் கண்டுவிட்டார்களாம். எஞ்சின் நின்று, அலைக்குப் பக்கவாட்டில் கிடந்ததாம். ஆட்களை இரண்டு மீன்பிடிப் படகுகளில் மாற்றிவிட்டார்களாம்.

“எத்தினை பேர்? எண்ணிச் சொல்லுங்கோ” என்றார் அக்கா.

அவர் எண்ணுவது காற்றுக்குள் கேட்டது. “அம்பத்தாறு.”

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார். “மற்ற ரெண்டு பேரும்?”

“தண்டையலும் எஞ்சின்காரரும் அக்கா. படகிலைதான் நிக்கினம், தண்ணி இறைச்சுக்கொண்டு. வாங்கோ எண்டால் வரமாட்டினமாம்.”

“சரி” என்று சொல்லி ரெலிபோனை வைத்தார். ஐம்பத்தாறும் இரண்டும் ஐம்பத்தெட்டு என்று ஒரு தாளில் எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, “மோட்டார்சைக்கிளிலை எண்ணெய் இருக்கோ?” என்றார்.

மற்றப் படகுகளைப் பார்க்க ஓர் ஆளை இருத்திவிட்டு வெளிக்கிட்டோம். பண்ணைப் பாலம், மண்கும்பான், வேலணை, பிறகு இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற அந்த நீட்டுத் தாம்போதி. பக்கக் காற்று வண்டியைத் தள்ளியது. பின்னாலிருந்த அக்கா வழிநெடுக ரெலிபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, அதில் யாரும் இல்லாதபோதும்.

நாங்கள் இறங்குதுறைக்குப் போய்க் கனநேரத்துக்குப் பிறகுதான் முத்துமாரியைக் கட்டி இழுத்து வந்தார்கள். பூமாலை இன்னும் படகின் கழுத்தில் தொங்கியது. எஞ்சினைக் குளிராக்கக் கடல்தண்ணீர் இழுக்கிற குழாய் அலையில் ஆடிக் கழன்றிருக்கிறது. எஞ்சின் தன் கையாலேயே கடலை அள்ளிப் படகுக்குள் ஊற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது. மேலே சனத்துக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த பெட்டி கத்தியிருக்கும். ஆனால் அதன் வாயைத்தான் நாங்கள் காலையிலேயே பொத்திவிட்டோமே. புகை வந்தபிறகுதான் அண்ணை மூடியைத் திறந்தாராம். பிறகு யாரையாவது கூப்பிடுவோமென்றால் ரெலிபோனில் சிக்னல் இல்லை.

துறையில் நின்றவர்கள் அக்காவுக்கு வழிவிட்டார்கள். சைரன் என்று யாரும் சொல்லவில்லை. அவர் யாரையும் பார்க்காமல் படகில் ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். ஜெயதீபன் அண்ணை இடுப்புவரை நனைந்து, எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். உள்ளங்கை இரண்டும் இறைத்து இறைத்துத் தோல் உரிந்திருந்தது.

நான் மூடியைத் தூக்க, அக்கா குனிந்து உள்ளே பார்த்தார். கண் தண்ணீருக்கு மேலே, நனையாமல் இருந்தது. அதன் ஓரத்தில் பொட்டு அப்படியே இருந்தது. வட்டமாக, நடுவில் குங்குமத்தோடு, ஒரு வெடிப்புக்கூட இல்லாமல்.

“இஞ்சருங்கோ, இதை ஏன் துடைக்கேல்லை? தம்பி சொன்னவன்தானே.”

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

“கேக்கிறன். ஏன் துடைக்கேல்லை?”

“துணியை நனைச்சுக்கொண்டுதான் குனிஞ்சனான்” என்றார் அவர். “விசயதசமியும் அதுவுமா... நீ வைச்ச பொட்டு. அதை என்ரை கையாலை எப்பிடி அழிக்கிறது? மனம் வரேல்லை.”

எனக்குக் காலையில் அந்த மறுமுனை மௌனம் நினைவுக்கு வந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்த நேரம், அந்த மனுசன் ஈரத் துணியோடு இதற்கு முன்னால் குந்தியிருந்திருக்கிறார்.

அக்கா அவரைத் திட்டவில்லை. பக்கத்தில் இருந்தார். அவருடைய தோளில் கிடந்த துவாயை எடுத்துப் பிழிந்தார். பிழிந்து அவருடைய கையிலேயே வைத்தார்.

“துடையுங்கோ.”

“கேதீஸ்...”

“நான் இஞ்சை பக்கத்திலை இருக்கிறன். நீங்கள் உயிரோடை இருக்கிறியள். துடையுங்கோ.”

அண்ணை கையை உள்ளே நீட்டினார். தொடுகிறார், எடுக்கிறார். அக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் சேர்ந்துதான் அந்தப் பொட்டைத் துடைத்தன. சந்தனமும் குங்குமமும் துவாயில் சிவப்பாக இழுபட்டபோது அக்கா அழத் தொடங்கினார். காலையிலிருந்து அடக்கிவைத்த அவ்வளவும் சத்தமாக வந்தது. கையை மட்டும் அவர் விடவில்லை.

என் ரெலிபோனில் முத்துமாரியின் எண் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. பதினொன்று, இறைத்தது போக உள்ளே கிடந்த உண்மையான தண்ணீர். நான் எஞ்சின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.